வன்னி வெயிலில் தவளைத் தீனிப் பூச்சிகளைச் சாகவிடாமல் வளர்ப்பது எப்படி?

வன்னியில் தவளை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் சறுக்குகிற இடம் பூச்சிப் பெட்டிதான். தரையில் வாழும் தவளைகள் பெரும்பாலும் அசைகிற இரையைத்தான் இரை என்று எடுக்கும். செத்த பூச்சியை முன்னால் போட்டால் அதைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கிழமைக்குக் கிழமை உயிருள்ள பூச்சி கையில் இருந்தாக வேண்டும். கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு கடைக்குப் போய்வருகிற வேலை. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருப்பவருக்கு அந்தக் கடை ஓர் இரவு பஸ் தூரத்தில் இருக்கிறது. வீட்டிலேயே வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இணையத்தில் இதுபற்றிக் கிடைக்கிற குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர் எழுதியவை. விளக்குப் போட்டுச் சூடாக்கு, தண்ணீர் தெளி என்று சொல்வார்கள். அதை அப்படியே இங்கே செய்தால் பெட்டி நாறிப்போகும். எனக்கு வழிகாட்ட ஆள் இருக்கவில்லை, தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்பதற்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நம்மூரில் பூச்சி பட்டினியால் சாவது மிகக் குறைவு. ஈரம், சூடு, எறும்பு, நஞ்சு இந்த நான்கும்தான் கொல்லும். கீழே சொல்வது எல்லாம் இந்த நான்கையும் பெட்டிக்கு வெளியே நிறுத்துகிற வேலை.

1. தவளைக்கு இரண்டு மாதம் முன்பே பூச்சியைத் தொடங்குங்கள்

முதலில் தவளையை வாங்கி, அப்புறம் தீனிக்கு அலைவதுதான் வழமையாக நடக்கிறது. அதைத் தலைகீழாக மாற்றுங்கள். சில்வண்டு (இரவில் பாடுகிற கிரிக்கெட் பூச்சி) முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வர ஏறத்தாழ ஆறு முதல் எட்டுக் கிழமை எடுக்கும். சூப்பர்வோர்ம் என்கிற பெரிய வண்டுப் புழுவுக்கு இன்னும் நீளம். முட்டை பொரித்துப் பெரிய புழுவாக மூன்று நான்கு மாதம் பிடிக்கும். சில்வண்டுப் பெட்டியில் ஒரு தலைமுறை கண்முன்னே வளர்ந்து முட்டை போட்ட பிறகு தவளையைக் கொண்டுவந்தால் பதற்றம் இருக்காது.

தொடங்க நல்ல காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. மாரி மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றிலேயே ஈரம். தவிடு பூஞ்சணம் பிடிக்கும். ஏப்ரல் வெயிலிலும், சோளகக் காற்று அடிக்கிற மாதங்களிலும் புதிதாகத் தொடங்கினால் முட்டைகள் காய்ந்துபோகும். ஏற்கெனவே நிலைத்து நிற்கிற பெட்டி இந்தக் காலங்களைத் தாங்கிவிடும். புதுப் பெட்டிக்குத்தான் கஷ்டம்.

2. காகிதங்கள்

பூச்சி வளர்க்கத் தனியாக அனுமதிப்பத்திரம் எடுக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டதில்லை. கவனிக்க வேண்டியது தவளை எங்கிருந்து வந்தது, பூச்சி எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும்தான்.

வயலிலோ குளக்கட்டிலோ காட்டிலோ பிடித்த தவளையை வீட்டில் வைக்காதீர்கள். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 2009 இல் திருத்தப்பட்டது. பாதுகாக்கப்பட்ட தவளையினங்களுக்கு அதில் அட்டவணை இருக்கிறது. நம் தீவின் தவளைகளில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. எது அட்டவணையில் உள்ளது என்று பார்த்தவுடன் சொல்வது நிபுணருக்கே கடினம். சந்தேகம் இருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பக்கத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கடையில் வாங்கிய வெளிநாட்டு இனமானால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதில் திகதி, கடையின் பெயர், தவளை இனத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். வெறும் ‘தவளை 1’ என்று எழுதித் தந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள். கைபேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். கடைச் சீட்டின் மை சில மாதத்தில் மங்கிவிடும்.

வெளிநாட்டிலிருந்து பூச்சி முட்டை தபாலில் வரும் என்று இணையத்தில் விளம்பரம் காண்பீர்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், உயிருள்ள பூச்சிகளை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. இது வெறும் சம்பிரதாயமும் இல்லை. நெல்லும் உழுந்தும் கச்சானும் விளைகிற ஊரில் புதுப் பூச்சி ஒன்று தப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

3. எந்தப் பூச்சி?

மூன்று போதும்: சில்வண்டு, சூப்பர்வோர்ம், மண்புழு.

சில்வண்டு அன்றாடத் தீனி. சூப்பர்வோர்ம் கொழுப்புக் கூடியது. பெரிய தவளைக்கு இடையிடையே கொடுக்கலாம், தினமும் கூடாது. மண்புழு உண்மையில் மிக நல்ல தீனி. மெதுவானது, தோல் மென்மையானது, சில்வண்டைவிடச் சுண்ணாம்புச் சத்தும் கூடியது.

மீல்வோர்ம் என்கிற சின்ன வண்டுப் புழு ஏன் இல்லை என்று கேட்பீர்கள். கொழும்புக்காரர்கள் முதலில் சொல்வது அதைத்தான். அது 25 முதல் 28 பாகை செல்சியசில் நன்றாக வளரும். 30 ஐத் தாண்டினால் முட்டையும் வளர்ச்சியும் அடிபடும். தகரக் கூரை வீட்டில் ஏப்ரல் பின்னேரத்தில் அறைக்குள் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாங்கி வைத்துக் கொடுப்பதென்றால் பிறிட்ஜின் கீழ்த்தட்டில், மரக்கறி வைக்கிற பெட்டியில் சில கிழமை வைத்திருக்கலாம். குளிரில் அடங்கிக் கிடக்கும். சூப்பர்வோர்மை மட்டும் பிறிட்ஜில் வைத்துவிடாதீர்கள், செத்துவிடும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் பலரும் இதில் ஏமாறுகிறார்கள். சூப்பர்வோர்ம் பெரிது, தலையும் வாலும் கருமையாக இருக்கும்.

பழ ஈ சின்னத் தவளைக்கு நல்லதுதான். ஆனால் 30 பாகைக்குக் கிட்ட ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். குளிரூட்டி இல்லாத வன்னி வீட்டில் அதை நம்ப முடியாது.

4. பெட்டியும் செலவும்

மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிகள் மூன்று வாங்குங்கள். முப்பது நாற்பது லீற்றர் கொள்ளளவு, உட்சுவர் வழுவழுப்பாக இருக்க வேண்டும். சில்வண்டு சொரசொரப்பான சுவரில் ஏறிவிடும், வழுவழுப்பில் ஏறாது. மூடியின் நடுவில் உள்ளங்கை இரண்டு வைக்கிற அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி வலை ஒட்டுங்கள். நுளம்பு வலைத் துணி வேண்டாம், சில்வண்டு கடித்து ஓட்டை போடும். ஹாட்வெயர் கடையில் ஜன்னலுக்கு அடிக்கிற அலுமினிய வலை நல்லது. பக்கச் சுவரில் மேலே ஒரு வலையும் இருந்தால் காற்று குறுக்கே ஓடும்.

உள்ளே முட்டை அட்டைகளை நிமிர்த்தி அடுக்குங்கள். கிடையாக வைத்தால் எச்சம் குழிகளில் தேங்கும். பலசரக்குக் கடைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள்; நனைந்த அட்டையை மட்டும் எடுக்காதீர்கள்.

வெப்பநிலையும் ஈரப்பதனும் காட்டுகிற சின்ன மானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ‘கை வைத்துப் பார்த்தேன், பரவாயில்லை’ என்பது வேலைக்கு ஆகாது.

செலவு என்று பார்த்தால், பெட்டி மூன்று, வலை, மானி, முதல் தொகுதிப் பூச்சி, பஸ் பார்சல் காசு எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாவை ஒட்டி ஒதுக்கி வையுங்கள். அதில் பாதிக்கு மேல் பெட்டிக்கே போகும். மாதச் செலவு தவிடு, கோழிக்குஞ்சுத் தீனி, கொஞ்சம் கரட் மட்டும். வளவில் முருங்கையும் பூசணியும் நிற்கிறவருக்கு ஆயிரம் ரூபாவைத் தாண்டாது. விலை இடத்துக்கு இடம் மாறும், முதலில் விசாரியுங்கள். பழைய பெயின்ட் வாளி மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் அதன் நச்சு மணம் போகாது.

5. பஸ்ஸில் பூச்சி வருவிப்பது

சாதாரணத் தபாலில் போடச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று நாள் மூடிய பையில் கிடந்தால் வந்துசேர்வது நாற்றம்தான். இரவு பஸ்ஸில் போடச் சொல்லுங்கள். விடியற்காலையில், வெயில் ஏறுமுன் கைக்கு வரும்.

விற்பவரிடம் முன்கூட்டியே மூன்று விடயம் பேசிக்கொள்ளுங்கள். ஒன்று, பொலித்தீனில் கட்டக்கூடாது. துளையிட்ட அட்டைப்பெட்டி அல்லது துணிப்பை. இரண்டு, உள்ளே கசக்கிய பத்திரிகைத்தாளும் உலர்ந்த தவிடும் மட்டும். மரக்கறித் துண்டு எதுவும் போடக்கூடாது. வழியில் அது வெந்து தண்ணீர் விடும். மூன்று, பஸ் இலக்கமும் நடத்துநரின் தொலைபேசி இலக்கமும் அன்றிரவே உங்களுக்கு வர வேண்டும். ஒருமுறை நல்ல விலை கொடுத்து வாங்கிய புழு முழுவதையும் ஒரு விற்பனையாளர் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து அனுப்பினார். திறந்தபோது அடியில் ஈரம் கோத்து, ஒன்றுகூட அசையவில்லை. காசும் திரும்பி வரவில்லை. ஆகவே கட்டியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணத்தைப் போடுங்கள்.

நடத்துநரிடம் நேரே சொல்லுங்கள்: “அண்ணை, இது உயிர்ச் சாமான், கீழே பெட்டிக்குள்ள போடாதேங்கோ, மேல உங்கட பக்கத்தில வையுங்கோ.” என்ன உயிர் என்று கேட்டால் மறைக்க வேண்டாம். புழு என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். மீனுக்குப் போடுகிற தீனி மாதிரி என்றால் வாங்கிக்கொள்வார்கள். ஏ9 வீதியில் பஸ் நிற்கிற இடத்துக்கு நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். முறிகண்டியில் தேநீருக்கு நிற்கிற பஸ் என்றால் அங்கிருந்து ஓர் அழைப்பு எடுக்கச் சொல்லலாம். கிளிநொச்சிக்கு வர அதற்குப்பிறகு அதிக நேரம் ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் புழுக்களை நிழலில் அகலமான தட்டில் கொட்டுங்கள். கறுத்து மெலிந்து கிடப்பவை செத்தவை. உடனே பொறுக்கி எறியுங்கள். ஒரு மெல்லிய கரட் துண்டு போதும். தாகம் தீரட்டும் என்று தண்ணீர் தெளித்துவிடாதீர்கள்.

6. சூப்பர்வோர்ம் பெட்டி

அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தவிடு. கோதுமைத் தவிடு கிடைத்தால் அதுவே நல்லது. நெல் ஆலைத் தவிட்டில் எண்ணெய் கூட, சில நாளிலேயே காறல் மணம் வரும். அதைத்தான் பாவிக்க வேண்டுமென்றால் அன்று குற்றியதை வாங்கி, இரும்புச் சட்டியில் மணம் வருமட்டும் வறுத்து, முற்றாக ஆறவிட்டுப் போடுங்கள். வறுத்தால் அதில் ஏற்கெனவே இருக்கிற வண்டும் முட்டையும் அழியும்.

தண்ணீர்ப் பாத்திரம் வேண்டாம். நீர் முழுவதும் மரக்கறியிலிருந்துதான். கரட், உருளைக்கிழங்கு, வத்தாளங்கிழங்கு ஏதாவது ஒன்றின் துண்டுகளை மாலையில் மேலே வைத்து, மறுநாள் மாலைக்குள் எடுத்துவிடுங்கள். வெட்டிய முகத்தைப் பத்து நிமிடம் காற்றில் காயவிட்டு வைத்தால் தவிடு கட்டிபிடிக்காது. வெள்ளரி, தக்காளி, வெள்ளரிப்பழம் எல்லாம் நீர் அதிகம், வேண்டாம்.

இந்தப் புழு கூட்டத்தோடு இருக்கும்வரை கூட்டுப்புழுவாக மாறாது. இனம் பெருக வேண்டுமென்றால் பெரிய புழுக்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். கழுவிக் காயவைத்த யோகட் கோப்பைகளில் ஒவ்வொன்றாக விட்டு, மூடியில் ஊசித் துளை போட்டு, இருட்டில் வையுங்கள். தீனி வேண்டாம். ஒன்றிரண்டு கிழமையில் புழு வளைந்து சுருளும்; செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். செத்தது கறுத்து விறைக்கும். உயிரோடிருப்பதை மெல்லத் தொட்டால் வால் நுனி அசையும். அப்புறம் வெள்ளைக் கூட்டுப்புழு, மேலும் இரண்டு கிழமையளவில் வண்டு. வண்டு முதலில் வெளிறி இருந்து, பின் செம்மையாகி, கடைசியில் கறுக்கும். கறுத்த வண்டுகளை இன்னொரு பெட்டியில் தவிட்டோடு விடுங்கள். அங்கே முட்டை போடும். வண்டுகளை இரண்டு கிழமைக்கு ஒருமுறை புதுத் தவிட்டுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் தங்கள் முட்டையைத் தாங்களே தின்றுவிடும்.

நெல் மூட்டை அடுக்கியிருக்கிற அறையில் இந்தப் பெட்டியை வைக்கவே கூடாது. கழிவுத் தவிட்டை வெறுமனே வளவில் கொட்டவும் கூடாது. கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுப் பிறகு கத்தரி மிளகாய்க்குப் போடுங்கள், நல்ல பசளை.

7. சில்வண்டு

இதற்குத்தான் கவனம் அதிகம் வேண்டும்.

தொடக்கத்துக்கு வாங்கலாம், பிடிக்கவும் செய்யலாம். இரவில் வெளி விளக்கடிக்கு வருகிற கறுப்புச் சில்வண்டு, சிறகு தொடங்குகிற இடத்தில் இரண்டு மஞ்சள் புள்ளி உள்ளது, வீட்டில் நன்றாகப் பெருகும். பிடித்ததைத் தவளைக்குக் கொடுக்காதீர்கள். அது எந்த வயலில் என்ன மருந்தைத் தின்றுவிட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஒட்டுண்ணியும் இருக்கலாம். அதை முட்டை போட வைத்து, அந்த முட்டையில் வந்த தலைமுறையைக் கொடுங்கள்.

பெண்ணை அடையாளம் காண்பது சுலபம்: வாலடியில் ஊசிபோல் நீண்ட ஒரு முட்டைக்குழாய் இருக்கும். ஆண் பாடும். நான்கு ஐந்து பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். ஆண்கள் கூடினால் சண்டையும் சத்தமும் கூடும். படுக்கை அறையில் வைக்காதீர்கள், இரவு முழுக்கப் பாடும்.

முட்டைக்குத் தனிக் கோப்பை வேண்டும். சோடாப் போத்தலின் அடியை வெட்டி, மூன்று விரல் ஆழத்துக்குத் தும்புத்தூளோ கழுவிய ஆற்றுமணலோ நிரப்புங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு. கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் உருண்டையாக நிற்க வேண்டும். அதுதான் சரியான ஈரம். மேலே கம்பி வலை ஒரு துண்டு வைத்தால் பெண்கள் வலைக்குள்ளால் குழாயை இறக்கி முட்டை போடும், மற்றவை கிளறித் தின்ன முடியாது. இரண்டு மூன்று நாளில் கோப்பையை வெளியே எடுத்துப் பாருங்கள். போத்தலின் ஓரமாக வெளிர் மஞ்சளில், சீரகத்தில் பாதி நீளத்துக்கு முட்டைகள் தெரியும். மூடி போட்டு நிழலில் வையுங்கள். 28 முதல் 30 பாகையில் பத்து நாளையொட்டிப் பொரிக்கும். இந்தப் பத்து நாளும் மேல்மண் காயக்கூடாது. காலையிலும் மாலையிலும் பாருங்கள்.

பொரித்த குஞ்சு எள்ளைவிடச் சின்னது. ஒரு துளித் தண்ணீரிலும் மூழ்கிச் சாகும். ஆகவே தண்ணீருக்கு ஈரப் பஞ்சு அல்லது துண்டாக வெட்டிய ஸ்பொஞ்ச் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். தீனி, மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீனியை மிக்சியில் மாவாக அரைத்தது. ஒரு போத்தல் மூடியளவு போதும். மீந்த தீனி ஈரம் பிடிக்குமுன் எடுத்துவிடுங்கள்.

வளரும்போது பல தடவை தோல் கழற்றும். அந்த நேரம் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும்; ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. பெட்டியில் நெருக்கம் கூடினாலோ தண்ணீர் இல்லாவிட்டாலோ மற்றவை அதைத் தின்றுவிடும். தரையில் கால்களும் தலைகளும் மட்டும் கிடக்கக் கண்டால் நோய் என்று நினைக்காதீர்கள். அது தாகத்தின் அல்லது நெருக்கத்தின் அடையாளம். ஈரப் பஞ்சைக் கூட்டுங்கள், இன்னும் இரண்டு அட்டை வையுங்கள், அல்லது பாதியை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.

மூடியைத் திறந்தவுடன் கண்ணெரிகிற காரமணம் வந்தால் அது அமோனியா. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் வரும். மறுநாளைக்கு என்று விடாதீர்கள், அன்றே காலிசெய்யுங்கள். அட்டைகளைத் தட்டிப் பூச்சிகளை வேறு பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியைச் சுடுநீரால் கழுவி வெயிலில் காயவையுங்கள். சவர்க்காரம், பினாயில் எதுவும் வேண்டாம். மணம் வராத பெட்டியையும் கிழமைக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் இந்தக் கட்டம் வரவே வராது.

8. எறும்பும் பல்லியும் நஞ்சும்

பெட்டியை மேசையில் வைத்து, மேசையின் நான்கு காலையும் தண்ணீர்ப் பேணிகளில் நிறுத்துங்கள். நம் அம்மாக்கள் சாப்பாட்டு மேசைக்குச் செய்ததுதான். தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் கரைத்தால் எறும்பு மிதந்து கடக்காது. மேசை சுவரில் முட்டக்கூடாது. மேலிருந்து திரைச்சீலையோ வயரோ தொங்கித் தொடவும் கூடாது. பல பேர் பேணி வைத்துவிட்டு வயரை மறந்துவிடுவார்கள். எறும்புப் பொடியோ சோக்குக் கட்டியோ பெட்டி அறையிலேயே பாவிக்காதீர்கள். எறும்பைக் கொல்வது சில்வண்டையும் கொல்லும்.

பல்லி உள்ளே புகுந்தால் குஞ்சுகளைத் தின்றுவிடும். சிலந்தி மூடிக்குக் கீழே கூடு கட்டும். கிழமைக்கு ஒருமுறை மூடியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

நுளம்புத்திரி, திரவ நுளம்பு மருந்து, கரப்பொத்தான் ஸ்பிரே மூன்றும் இந்த அறைக்கு ஆகாது. திரியின் புகையே போதும். டெங்குக் காலத்தில் ஊரில் புகை அடிக்க வருவார்கள். அது அவசியமான வேலை, தடுக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எந்த நாள் என்று கேட்டுவைத்து, அன்று பெட்டிகளை வேறு வீட்டுக்கு எடுத்துச்செல்லுங்கள். மறுநாள் அறையைத் திறந்து காற்றாடவிட்டுப் பிறகு கொண்டுவாருங்கள்.

வயல் மருந்துதான் வன்னியில் பெரிய பொறி. காலபோகத்தில் மருந்தடிக்கிற நாட்களில் வரம்பிலிருந்து பறித்த புல், கீரை, பிடித்த வெட்டுக்கிளி எதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது. சந்தையில் வாங்கிய கரட்டையும் தோல் சீவியே வையுங்கள். உங்கள் வீட்டு முருங்கையும் பூசணியும்தான் நம்பகமானவை. மயிர்க்கொட்டி, முசுறு, மின்மினி ஆகியவற்றைத் தவளைக்குக் கொடுக்கவே கூடாது. மின்மினியின் உடலில் இருக்கிற நஞ்சு தவளையைக் கொல்லக்கூடியது. மாலையில் வளவெல்லாம் மின்மினி பறக்கிற ஊர் நமது. சின்னப் பிள்ளைகள் ஆசையாகப் பிடித்துக்கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். முதலே சொல்லிவையுங்கள்.

9. கோடையும் மாரியும்

சில்வண்டும் சூப்பர்வோர்மும் 30 பாகையைச் சட்டை செய்யாது. 35 ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தகரக் கூரை வீட்டில் மேசையைச் சீமெந்துத் தரையுள்ள, பின்னேர வெயில் படாத அறைக்கு மாற்றுங்கள். ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே வருகிற காற்று குளிரும். மதியத்தில் உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துணியால் சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம், உள்ளே வைக்கக்கூடாது. பெட்டி மூடியின்மேல் ஈரத்துணி போட்டு வைக்காதீர்கள். காற்றடைத்து உள்ளே ஆவியாகிவிடும்.

மாரியில் எதிர்மாறு. மரக்கறியைப் பாதியாகக் குறையுங்கள், தவிட்டை வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். மாப்பொடி தானாக நகர்வதுபோல் தெரிந்தால் அது நுண்பூச்சி. ஈரத் தவிட்டில்தான் வரும். அந்தத் தவிடு முழுவதையும் மாற்றி, பெட்டியை வெயில் கிடைக்கிற முதல் நாளில் காயவையுங்கள். மின்குமிழ் ஒன்றை மேசைக்குக் கீழே ஒரு முழம் தள்ளி எரியவிட்டால் மழை நாட்களில் பெட்டி உலர்வாக இருக்கும்.

மண்புழுவுக்கு இந்தக் கவலை இல்லை. கிணற்றடி வாழைக்குக் கீழே தோண்டினால் கோடையிலும் கிடைக்கும். சவர்க்காரத் தண்ணீர் ஓடுகிற பக்கத்தை விட்டுவிடுங்கள். எருக்குவியலில் இருக்கிற சிவப்புக் கோட்டுப் புழுவை வேண்டாம் என்று துப்பிவிடும் தவளைகள் உண்டு. அதன் சாறு கசக்கும்.

10. தவளைக்குக் கொடுக்கும் நாள்

கொடுப்பதற்கு முதல் நாள் பூச்சியைத் தனிக் கோப்பையில் எடுத்து முருங்கை இலையும் பூசணித் துண்டும் கொடுங்கள். பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் தவளைக்குப் போய்ச் சேரும். பசளிக்கீரை வேண்டாம், அதில் உள்ள ஒட்சலேற்று சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துவிடும்.

சில்வண்டில் பொசுபரசு கூட, சுண்ணாம்பு மிகக் குறைவு. தூள் தூவாமல் கொடுத்தால் மாதக்கணக்கில் தவளையின் எலும்பு மெலிந்து, தாடை வளைந்து, கடைசியில் நாக்கை நீட்டிப் பிடிக்கவும் முடியாமல் போகும். கடையில் விற்கிற விற்றமின் டி3 கலந்த கல்சியம் தூள் ஒரு சின்னப் புட்டி நீண்டகாலம் வரும், அதை வாங்கிவிடுங்கள். இடையிடையே கொடுக்க முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் ஓடு இருக்கிறது. நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, உப்புச் சுவை முற்றாகப் போனதும் காயவைத்து, கத்தியால் சுரண்டித் துணியில் சலித்தால் மாப்போல் தூள் கிடைக்கும். உப்பு மிஞ்சினால் தவளையின் தோலுக்கு ஆபத்து. ஆகவே நாக்கில் வைத்துப் பார்த்தே சலியுங்கள். இதில் டி3 இல்லை, கடைத் தூளுக்கு இது பதில் ஆகாது.

கோப்பையில் ஒரு சிட்டிகைத் தூள் போட்டுப் பூச்சிகளை விட்டு மெல்லக் குலுக்குங்கள். வெள்ளையாகப் பூசினதும் உடனே கொடுத்துவிட வேண்டும். சில்வண்டு சிறிது நேரத்தில் தன்னைத் துடைத்துக்கொள்ளும். தவளையின் இரு கண்ணுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். குட்டிக்குத் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். கொம்புத் தவளை என்கிற பெரிய வெளிநாட்டு இனம் வளர்ந்துவிட்டால் அதற்குக் கிழமைக்கு ஒன்றிரண்டு முறை போதும். பொழுது பட்ட பிறகு கொடுங்கள், பகலில் பெரும்பாலான தவளைகள் கிறங்கிக் கிடக்கும். தொட்டியில் கை வைக்குமுன்னும் பின்னும் கையைக் கழுவுங்கள். முன்னே கழுவுவது வெறும் தண்ணீரில், பின்னே கழுவுவது சவர்க்காரத்தில்.

அரை மணித்தியாலத்தில் தின்னாத சில்வண்டை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். இரவில் பசித்தால் அது தவளையின் தோலைக் கடிக்கும். அந்தக் காயம் ஈரத் தொட்டியில் புண்ணாகும்; தவளை பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரை நம் பக்கம் தேடிப் பிடிப்பது எளிதில்லை. எடுத்ததைத் திரும்பப் பூச்சிப் பெட்டிக்குள் போடாமல் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.